நூறு ரூபாய்க்குப் பத்து உசுரு!

தெருவில் விற்பனைக்கு வருகிற சாமான்களில், 'வேண்டாம்ப்பா' என்று சொல்லித் தப்பிக்கவே முடியாத ஐட்டம் ஒன்று உண்டு. கத்தரிக்காயை 'சொத்தை' என்று தள்ளிவிடலாம். பஞ்சு மிட்டாயை 'இருமல் வரும்' என்று விரட்டிவிடலாம். ஆனால், சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டி, அதற்குள் பிங்க், பச்சை, நீலம், ஆரஞ்சு என்று நூறு குஞ்சுகள் 'கிய்யா... கிய்யா...' என்று கத்திக்கொண்டு வருகிறபோது, வீட்டில் பத்து வயதுக்குக் கீழே ஒரு வாண்டு இருந்தால்... போச்சு, உங்கள் கதை முடிந்தது!

எங்கள் கதை முடிந்தது 2023 நவம்பர் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. தாம்பரத்துக்கு மேற்கே தள்ளி ஒரு புறநகரில் வீடு. பின்பக்கம் கொஞ்சம் காலி இடம், ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கிற கல். மகளுக்கு எட்டு வயது. நூறு ரூபாய்க்குப் பத்துக் குஞ்சு, அட்டைப்பெட்டி இனாம்!

என் மனைவி வேறு எதிர்ப்புச் சொல்லவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "பத்துக் கோழி... தினம் எட்டு முட்டைன்னு வெச்சாக்கூட, நமக்கு நாலு போக மீதி நாலை மாடி வீட்டுக்கு விக்கலாம்ங்க" என்றாள். குஞ்சுக்கு வயது ஒரு நாள். அதற்குள் வியாபாரம்!

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். தீபாவளிக்கு வந்தவள், பொங்கல் வரை எங்களோடு இருப்பதாகப் பேச்சு. பார்த்தவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏப்பா, தாய்க்கோழி எங்க?"

"தாயெல்லாம் கிடையாதும்மா. மெஷின்ல பொரிச்சது."

"மெஷினு பொரிச்சிரும்... அணைக்கிறது யாரு?"

கோழிக்குஞ்சு வளர்ப்பு பற்றிய மொத்தப் பாடமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது ஸார். ஊரில் அடைக்கோழி இருபத்தோரு நாள் முட்டை மேல் படுக்கிறது. குஞ்சு பொரித்தவுடன் அதன் வேலை முடிவதில்லை, அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. கோழியின் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், சுமார் 106 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு அந்தச் சூடு வந்தால் ஐ.சி.யு! முதல் இரண்டு வாரத்துக்குக் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. கொஞ்சம் மேயும், குளிர்ந்ததும் ஓடிப்போய்த் தாயின் இறக்கைக்குள் நுழைந்துகொள்ளும், சூடேறியதும் மறுபடி வெளியே வரும். தாய் இல்லாத குஞ்சுக்கு அந்த இறக்கையை நாம் தயார் செய்ய வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி. அப்புறம் வாரம் ஐந்து ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஐந்து, ஆறு வாரத்தில் நம்ம ஊர் சாதாரணச் சூடே போதும்.

95 டிகிரிக்கு பல்பு வேண்டுமே! கடைவீதிக்கு ஓடினேன்.

"அறுபது வாட் குண்டு பல்பு இருக்கா?"

கடைக்காரர் என்னைப் பழைய ரேடியோவைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "எந்தக் காலத்துல ஸார் இருக்கீங்க? எல்.ஈ.டி. தரட்டுமா? கரன்ட் மிச்சம், சூடே ஆகாது!"

"எனக்குச் சூடுதாங்க வேணும்!"

நாலாவது கடையில், பரண் மேலிருந்து தூசி தட்டி இரண்டு பல்பு எடுத்துக் கொடுத்தார் ஒரு பெரியவர். இரண்டாக வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நடுராத்திரி ஒரு பல்பு ஃப்யூஸ் போனால், இன்னொன்று எரியும். குஞ்சுக்கு நம்மை எழுப்பத் தெரியாது.

பெட்டியும் சதுரமாக இருக்கக் கூடாது. குளிரில் எல்லாக் குஞ்சும் ஒரு மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் செத்துப் போகும். அதனால் அட்டையை வட்டமாக வளைத்து, ஒன்றரை அடி உயரத்துக்கு வேலி மாதிரி கட்டினேன். கீழே இரண்டு அங்குலம் உமி, முதல் மூன்று நாளைக்கு அதன் மேல் நியூஸ் பேப்பர். இல்லாவிட்டால் தீவனம் எது, உமி எது என்று தெரியாமல் உமியைத் தின்றுவிடும். பேப்பர் சொரசொரப்பாக இருக்கவேண்டும். வழுவழுப்பான அட்டைப்படத் தாள் என்றால், கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்து, குஞ்சு நடக்க முடியாமலே போய்விடும். ஆகவே வாசகர்களே... வாரப் பத்திரிகைகளைத் தயவுசெய்து படிப்பதற்கு மட்டும் பயன்படுத்தவும்!

தண்ணீர் வைக்கிற தட்டில் கூழாங்கல் போட்டாள் அம்மா. குஞ்சு தட்டில் விழுந்து நனைந்தால் அதோடு சரி. ஒவ்வொன்றாகப் பிடித்து, அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினாள். "தாய் கொத்திக் காட்டுனா அது பழகிக்கும். இதுக்கு நாமதான் காட்டணும்." தீவனக் கடையில் 'சிக் ஸ்டார்ட்டர்' என்று தூளாகக் கிடைக்கிறது. முதல் எட்டு வாரத்துக்கு சுமார் இருபது சதவிகிதம் புரோட்டீன் வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கிற சத்து மாவு. அம்மா அதை முகர்ந்து பார்த்து முகம் சுளித்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு பிடி அரிசிக் குருணையும் தூவி வைத்தாள். இரண்டையும் தின்றன.

இவ்வளவும் செய்தும், முதல் இரண்டு ராத்திரிக்குள் மூன்று போய்விட்டன.

பொரிக்கிற சமயத்தில் மஞ்சள் கருவின் மிச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடும். அந்தக் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் அது தாக்குப்பிடிக்கும். பஸ், லாரி என்று ஏற்றி அனுப்ப முடிவதே அதனால்தான். ஆனால், சாயத்தில் நனைந்து, காற்றில் காய்ந்து, வெயிலிலும் குளிரிலும் சைக்கிளில் ஊரைச் சுற்றி வந்தால்? எங்களிடம் வந்தபோதே அந்த மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு தோளைத் தொங்கப் போட்டிருந்தன. மூன்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். மகள் ஒரு வேளை சாப்பிடவில்லை. அம்மா அவளைச் சமாதானப்படுத்துகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "அழுதா மிச்சம் ஏழுக்கு யாரு தண்ணி வைக்கிறது? வா!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தெர்மாமீட்டர் ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இரண்டு நாளில் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். குஞ்சுகளே நடமாடும் தெர்மாமீட்டர்தான்! பல்புக்கு அடியில் நெருக்கியடித்து நின்று கீச்சுக் குரலில் விடாமல் கத்தினால் குளிர்கிறது. பல்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அட்டையோரம் ஒதுங்கி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்ற வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் எங்கிருந்தோ காற்று வருகிறது. ஜன்னலைச் சாத்த வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவி, மெல்லிய குரலில் தமக்குள் பேசிக்கொண்டு மேய்ந்தால்... நாம் போய்த் தூங்கலாம். பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொண்டால், வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட வேண்டும். இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டு அவரவர் அவசரமாக வேறு வேலை பார்க்கப் போனார்கள்!

மகள் பெயர் வைத்தாள். பிங்க்காக இருந்ததால் 'பிங்கி'. பச்சை 'கிளி'. நீலம் 'வானம்'. ஆரஞ்சு மூன்றும் 'ஆரஞ்சு ஒண்ணு, ரெண்டு, மூணு'. சாயம் சரியாகப் பிடிக்காமல் மஞ்சளாகவே இருந்த ஒன்றுக்கு 'சாம்பார்' என்று பெயர். ஏன் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 2-ம் தேதி சனிக்கிழமை, அட்டைப்பெட்டியோடு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். முதல் வாரத்தில் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுத்தாக வேண்டும். நம்ம ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்பார்களே, அதுதான். 1920-களில் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட் ஊரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது. காலையில் பத்துக் கோழி நின்ற வீட்டில் இரண்டு நாளில் ஒன்றுகூட மிஞ்சாது. தடுப்பு மருந்தோ, மூக்கில் ஒரே ஒரு சொட்டு! ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும். உடைத்துக் கலந்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால், பெட்டியும் கூடையுமாக ஒரு கூட்டம் சேர்ந்தபிறகுதான் டாக்டர் ஆரம்பித்தார்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"கலர் குஞ்சா? எதுக்கு ஸார் வளர்க்கறீங்க?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "முட்டைக்குத்தான் டாக்டர்!"

"முட்டையா... மேடம், இது அத்தனையும் சேவல்!"

அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தினம் எட்டு முட்டையும் வரிசையாகத் தரையில் விழுந்து உடைந்தது.

டாக்டர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு போய்விட்டது. முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில், பொரித்த அன்றே ஆண் வேறு, பெண் வேறு என்று பிரித்துவிடுவார்கள். அதற்கென்றே கை தேர்ந்த ஆட்கள் உண்டு. பெண் குஞ்சு பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சு முட்டை போடாது. கறிக்கோழி மாதிரி ஆறு வாரத்தில் சதையும் போடாது. தீவனம் போட்டால் போட்ட காசு வராது. ஆக, பிறந்த அன்றே அதற்கு வேலை இல்லை! உலகம் பூராவும் இவற்றைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவது வழக்கம். ஜெர்மனியில் 2022 ஜனவரி 1 முதல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் அதில் ஒரு பங்கு சாயத் தொட்டியில் விழுந்து எழுந்து, கூடையேறி, நம் தெருவுக்கு வருகிறது.

"பெரும்பாலும் ஒரு வாரம் தாங்காது. நீங்க ஏழைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்களே!" என்றார் டாக்டர். சொட்டு மருந்து விட்டார். சாம்பார் தும்மியது.

திரும்பி வருகிற வழியில் யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் மகள் கேட்டாள்: "அப்பா, முட்டை போடாதுன்னா இதைத் திருப்பிக் கொடுத்துருவோமா?"

நான் பதிலுக்குத் தடுமாறுவதற்குள் அம்மா சொன்னாள்: "உங்கப்பனும்தான் முட்டை போடலை. வீட்டுல வெச்சுக்கலையா?"

மறுநாள் ராத்திரி, மிக்ஜாம் புயல்!

அந்த டிசம்பர் 3, 4 தேதிகளைச் சென்னைப் புறநகர்வாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 4-ம் தேதி விடிவதற்குள் தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் வாசற்படியில் இரண்டாம் படி வரை ஏறிவிட்டது. கரன்ட் கட். செல்போன் செத்துப்போனது. குஞ்சுகளுக்கு வயது ஒன்பது நாள். வேண்டிய சூடு 90 டிகிரி. வீட்டுக்குள் ஈரக்காற்று. இரண்டு பல்பும் கண்ணை மூடிக்கொண்டு தொங்குகின்றன.

அரை மணி நேரத்தில் சத்தம் மாறிவிட்டது. ஏழும் ஒரே குவியலாக, கீச்சுக் குரலில், நிறுத்தாமல்.

"தண்ணி கொதிக்க வை" என்றாள் அம்மா மருமகளிடம். நல்லவேளை, காஸ் சிலிண்டர் புதுசு. "ஊர்ல பஞ்சாரத்தைக் கவுத்து, மேல சாக்கைப் போட்டா போதும். இங்க பஞ்சாரத்துக்கு எங்க போறது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தவள் கண்ணில், அழுக்குத் துணி போடுகிற பிளாஸ்டிக் கூடை பட்டது. பஞ்சாரம் தெரியாத நகரவாசிகளுக்கு: மூங்கிலில் பின்னிய, கவிழ்த்துப் போட்ட பெரிய கிண்ணம் மாதிரியான கூடை. தாயையும் குஞ்சுகளையும் அதற்குள் அடைப்பார்கள். எங்கள் துணிக்கூடைக்கும் பக்கமெல்லாம் ஓட்டை. கவிழ்த்தால் அசல் பஞ்சாரம்!

இரண்டு பித்தளைச் செம்பில் வெந்நீர். வாய்க்கு இறுக்கமான மூடி. மேலே என் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு சுற்று. டைனிங் டேபிள் மேல் உமி பரப்பி, நடுவில் செம்புகளை நிறுத்தி, சுற்றிலும் குஞ்சுகளை விட்டு, கூடையைக் கவிழ்த்து, மேலே போர்வையை மூடினாள். காற்றுக்கு ஒரு பக்கம் ஒரு சாண் திறப்பு. வேட்டிச் சுற்றின் மேல் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "சுடக் கூடாது. கதகதன்னு இருக்கணும்." ஊரில் என்றால் ஓட்டில் தணல் அள்ளி வைப்பதும் உண்டாம். கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரித் தணல் வைத்தால் அந்த வாயு குஞ்சை மட்டுமல்ல, நம்மையும் கொன்றுவிடும் என்பதால் அதைச் செய்யவில்லை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. போர்வையை விலக்கி டார்ச் அடித்தேன். செம்பின் வயிற்றோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு ஏழும் கண்ணை மூடியிருந்தன.

இது ஒரு தடவையோடு முடிகிற காரியமா? ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வெந்நீர் மாற்றவேண்டும். இருட்டில் குஞ்சு தின்னாது. தின்னாவிட்டால் உடம்பில் சூடு இராது. அதனால் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் எமர்ஜென்ஸி லைட்டைக் காட்டி மேயவிட வேண்டும். அப்புறம் அதன் சார்ஜும் தீர்ந்து, மெழுகுவத்தி. ஷிஃப்ட் போட்டுக்கொண்டோம். பத்து மணி, பதினொன்றரை மனைவி. ஒரு மணி, இரண்டரை நான். அதற்கு அப்புறம் அம்மா. வெளியே மழை ஓயாமல் அடிக்கிறது. படியில் தண்ணீர் 'சளப் சளப்' என்கிறது. ஊரே மொட்டை மாடிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, நான் தரையில் உட்கார்ந்து, டைனிங் டேபிள் மேல் படுத்திருக்கிற ஏழு சேவலுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தனையும் முட்டை போடாத சேவல்!

இரண்டாம் ராத்திரி கிளி சுருண்டு விழுந்தது. தலை நிற்கவில்லை. அம்மா அதை எடுத்துத் தன் முந்தானைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சர்க்கரைத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு அலகோரம் ஒரு சொட்டு, அரை மணி கழித்து இன்னொரு சொட்டு. என் மனைவி, அதுவரை "சேவல்களுக்கு இந்த உபசாரமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், தன் ஷிஃப்ட் முடிந்தும் போய்ப் படுக்கவில்லை. நாலரை மணி இருக்கும். முந்தானைக்குள்ளிருந்து 'கிய்' என்று ஒரே ஒரு சத்தம்.

"அத்தே... கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நீ போய்த் தூங்கு."

மிக்ஜாம் 5-ம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. எங்கள் தெருவுக்கு கரன்ட் வந்தது 7-ம் தேதி காலை. மூன்று ராத்திரி. ஏழும் இருந்தன.

அதற்கு அப்புறம் வளர்த்தி பார்க்கிற வேலைதான். இறக்கையில் முதலில் இறகு முளைத்தது, சுத்த வெள்ளையில்! சாயம் பிடித்தது குஞ்சின் பஞ்சு முடிக்குத்தானே? பஞ்சு உதிர உதிர நிறமும் உதிர்ந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பிங்கி, தலை மட்டும் பச்சையாக ஒரு கிளி என்று சில நாள் கோமாளி வேஷத்தில் திரிந்தன. டிசம்பர் கடைசியில் ஏழும் ஒரே அச்சு வெள்ளை. எது பிங்கி, எது வானம்? மகள் பெட்டி முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக 'சாம்பார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் வாரத்தில் அட்டை வேலி மேல் தாவி உட்கார்ந்தன. நாலாம் வாரத்தில் டி.வி. மேல்! ஃப்ரிட்ஜ், புத்தகம், சாமி படம் எல்லாவற்றின் மேலும் மாவு மாதிரி ஒரு வெள்ளைத் தூசு. "இதுங்க வெளியே போகணும். இல்லே, நான் வெளியே போறேன்" என்று மனைவி கெடு வைத்தாள். காலண்டரைப் பார்த்து அனுப்புகிற சமாசாரமா இது? அம்மா ஒன்றைப் பிடித்து இறக்கையைத் தூக்கிக் காட்டினாள். "பாரு, நெஞ்சுல, கக்கத்துல இன்னும் பஞ்சு இருக்கு. பஞ்சு போயி இறகு மூடணும். அப்பத்தான் மார்கழிப் பனி தாங்கும்." பகலில் பல்பை அணைத்தோம். பிறகு ராத்திரியில் ஒரு பல்பு மட்டும். ஆறாம் வாரம் அதுவும் இல்லை.

இதற்கிடையில் வெயில் நாளாகப் பார்த்து முருங்கை மரத்தடிக்கு மத்தியானம் இரண்டு மணி நேர அவுட்டிங். முதல் நாளே காக்காய்கள் மாநாடு கூட்டிவிட்டன. அம்மா குச்சியோடு காவல். அங்கேதான் ஒரு பழைய மண்பானைக்குள் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்து, ராத்திரி புற்றோரமாகக் கவிழ்த்து வைத்தாள். காலையில் எடுத்தால் உள்ளே கரையான் மொய்க்கிறது. தட்டிவிட்டவுடன் ஏழும் விழுந்தடித்துக்கொண்டு பாய்ந்த பாய்ச்சல் இருக்கிறதே... சிக் ஸ்டார்ட்டர் அன்றோடு இரண்டாம் பட்சமாகிவிட்டது! பொடிக்கல்லையும் பொறுக்கி விழுங்கின. கோழிக்குப் பல் கிடையாது. வயிற்றுக்குள் தானியத்தை அரைக்கிற ஆட்டுக்கல் அந்தப் பொடிக்கல்தான். காய்ந்த மண்ணில் குழி பறித்து, படுத்துப் புரண்டு, மண்ணை வாரி இறைத்துக்கொண்டன. மகள் பயந்து "அப்பத்தா, வலிப்பு!" என்று கத்தினாள். மண் குளியல் கண்ணு அது! இறகில் செள்ளு, பேன் ஒட்டாமல் இருக்கக் கோழி கண்டுபிடித்த சோப்பு.

வெளியே நிரந்தரமாக விடுவதற்குக் கூண்டு கட்டினோம். இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆசாரி "சும்மா கோழி வலை அடிச்சா போதும் ஸார்" என்றார். அறுகோண ஓட்டை போட்ட அந்த மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். கீரிப்பிள்ளை உள்ளே வராமல் தடுக்காது! கடித்துப் பிய்த்துவிடும். அதனால் அரை அங்குல ஓட்டை உள்ள வெல்டட் மெஷ். பத்தடிக்கு ஆறடி. வலையைத் தரையோடு நிறுத்தாமல், அடியில் வெளிப்பக்கமாக ஓரடி மடக்கி மண்ணுக்குள் புதைத்தோம். கீரியோ பெருச்சாளியோ சுவரோரம்தான் தோண்டும். ஓரடி தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்று அவற்றுக்குத் தோன்றாது. மேலே பாதி கீற்று, பாதி வலை. உள்ளே இரண்டடிக் கால் வைத்த ஒரு மரப்பெட்டி வீடு, அதற்குள் உட்கார்ந்து தூங்க இரண்டங்குல ரீப்பர் கட்டை. பில்லைப் பார்த்த மனைவி, "இந்தக் காசுக்கு ஆயுசு பூரா முட்டை வாங்கியிருக்கலாம்" என்றாள். உண்மை.

2024 ஜனவரி 14-ம் தேதி சரியாக ஏழு வாரம். ஆனால் அன்று போகி! விடியற்காலையில் சென்னை முழுக்கப் புகை. பறவைகளுக்கு நுரையீரலோடு சேர்த்து உடம்பெல்லாம் காற்றுப் பைகள். நமக்கு இருமல் வருகிற புகையில் அவை சுருண்டுவிடும். ஆகவே இரண்டு நாள் தள்ளி, மாட்டுப் பொங்கலன்று கிருகப்பிரவேசம். மாடு இல்லாத வீட்டில் சேவலுக்குப் பொட்டு வைத்தார்கள்.

பகலெல்லாம் ஒரே குஷி. சாயங்காலம் ஆறு மணி. எல்லாம் மரப்பெட்டிக்குள் போய்ப் படுக்கும் என்று காத்திருந்தோம். ஒன்றுகூடப் போகவில்லை! ஏழும் கூண்டின் ஒரு கோடியில், வெறும் தரையில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. ஏன் அந்த மூலை? அங்கேதான் எங்கள் சமையலறை ஜன்னல் வெளிச்சம் விழுகிறது.

"விளக்கை அணைங்க" என்றாள் மனைவி. அணைத்தோம். நானும் மகளும் உள்ளே தவழ்ந்து போய், ஒவ்வொன்றாகத் தூக்கி மரக்கட்டை மேல் உட்காரவைத்தோம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. வைத்த இடத்தில் இருக்கும். மறுநாள் சாயங்காலமும் அதே மூலை, அதே தூக்கல். மூன்றாம் நாள், நாலாம் நாள்... என் முதுகு பிடித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் காலையில் கூண்டின் பின்பக்கம் மண் பறிக்கப்பட்டிருந்தது. நாலு விரல் ஆழம். அதற்குக் கீழே புதைத்த வலை தெரிந்தது. பக்கத்தில் கீரியின் கால் தடம். ஆசாரிக்கு அதை போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் கை கூப்புகிற படம் ஒன்று அனுப்பினார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம். நாங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் போகாமல், ஜன்னல் விளக்கைப் போடாமல், இருட்டில் நின்று பார்த்தோம். முதலில் ஒன்று பலகையில் ஏறியது. உள்ளே எட்டிப் பார்த்தது. திரும்பி இறங்கிவிட்டது. மறுபடி ஏறியது. போய்விட்டது! அதன் பின்னால் இன்னொன்று. ஏழாவது மட்டும் தரையில் நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கத்தியது. மகள் விளக்கு ஸ்விட்ச்சில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதுவும் ஏறிப் போனது.

கட்டையில் யார் எங்கே உட்காருவது என்பதில் தினமும் ஒரு அடிதடி. கோழிக் கூட்டத்தில் யாரை யார் கொத்தலாம் என்று ஒரு சீனியாரிட்டி வரிசை இருப்பதை, நார்வே நாட்டு ஷெல்டரப்-எப்பெ என்ற விலங்கியல்காரர் 1920-களின் தொடக்கத்தில் எழுதினார். சின்னப் பையனாக இருந்ததிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்து வந்தவராம். எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்! எங்கள் கூண்டில் முதல் இடம் பெரிய கொண்டைக்காரனுக்கு. கடைசி இடம், ஒல்லியாக ஒன்றுக்கு. அதுதான் கிளி என்று மகள் சத்தியம் செய்கிறாள். அடையாளம் என்ன என்று கேட்டால், "அது அப்பத்தா புடவையைப் பார்த்தா ஓடி வரும்" என்கிறாள். வந்தது வாஸ்தவம்.

20-ம் தேதி சனிக்கிழமை, எட்டாம் வார ஊசிக்குக் கூடையோடு போனபோது டாக்டர் எண்ணிப் பார்த்தார். "ஏழும்!" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி கடைசியில் கூவ ஆரம்பித்தன. ஆரம்பத்தில் பழைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாத மாதிரி ஒரு சத்தம். பிறகு சுருதி சேர்ந்து, ஏழும் சேர்ந்து, விடியற்காலை நாலு மணிக்கு! மாடி வீட்டு ஸார் நேரில் வந்து, மிகவும் மரியாதையாக, "எத்தனை வெச்சிருக்கீங்க?" என்றார். "ஏழு." "ஒரு விடியலுக்கு எத்தனை வேணும்?" நியாயமான கேள்வி. சேவல்களும் தமக்குள் ரத்தம் வரச் சண்டை போட ஆரம்பித்திருந்தன. கூண்டு ஏழு ராஜாக்களுக்குப் போதாது.

பொங்கலோடு கிளம்ப வேண்டியவள் மார்ச்சில் கிளம்பினாள். போகும்போது பெரிய கொண்டைக்காரன் உட்பட நாலைக் கூடையில் வைத்துத் தன்னோடு கொண்டு போனாள். ஊரில் மாமா வீட்டுப் பெட்டைகளுக்குச் சேவல் வேண்டுமாம். "அடிச்சுச் சாப்ட்ருவாங்களா அப்பத்தா?" என்று மகள் பஸ் கிளம்புகிறவரை கேட்டாள். "நான் இருக்கிற வரைக்கும் கிடையாது" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவள் வாக்குக் கொடுக்கவில்லை.

கிளியை விட்டுவிட்டுத்தான் போனாள். இப்போது தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஊரிலிருந்து போன் வருகிறது.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சும்மா."

"மூணும்?"

"மூணும்."

நான் சாப்பிட்டேனா என்கிற கேள்வி அதற்கு அப்புறம்தான்.